ஃபோல்டருக்கு ஒரு காவல்

டெக்னீஷியன் கம்ப்யூட்டரிலிருந்து பென்டிரைவை உருவிக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டு மூடியதை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்த டாக்டர் பார்த்துவிட்டார். புதன்கிழமைகளில் கல்லூரியில் வகுப்பு எடுத்துவிட்டு மதியம்தான் ஸ்கேன் சென்டருக்கு வருவார். அன்று வகுப்பு ரத்தாகிப் பதினொரு மணிக்கே வந்துவிட்டார்.

அவரைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது. ஒன்றும் நடக்காதது போல வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனாள்.

டாக்டர் தன் அறைக்கு வந்து உட்கார்ந்தார். எடுக்கிற ஸ்கேன் எல்லாம் தானாகவே ஒரு ஃபோல்டரில் வந்து விழும். அவர் வரிசையாகத் திறந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். அன்று 417ஆம் எண் ஃபைலுக்கு அடுத்து 419 இருந்தது. கேட்டதற்கு, மெஷினைச் சோதித்துப் பார்த்ததாகவும், படம் சரியாக வராததால் அழித்துவிட்டதாகவும் சொன்னாள். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

எதிர்வரிசையில் புது ஸ்கேன் சென்டர் திறந்து இரண்டு மாதம் ஆகிறது. இவருக்கு வழக்கமாக நோயாளிகளை அனுப்பும் இரண்டு டாக்டர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஒன்பது வருஷமாகக் கூட இருப்பவள் இங்கே எடுக்கிற படங்களை அங்கே கடத்துகிறாளோ என்று சந்தேகப்பட மனம் கூசியது. ஆனாலும் பென்டிரைவ் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் அவள் சாப்பிடப் போன நேரத்தில் கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார். அவர் சின்னதாக ஒரு புரோகிராம் போட்டுக்கொடுத்தார். ஃபோல்டருக்குள் எந்த ஃபைல் வந்தாலும், பெயர் மாறினாலும், அழிந்தாலும், மணி நிமிஷத்தோடு எழுதிவைக்குமாம். புதிதாக வருகிற ஒவ்வொன்றுக்கும் அந்த நொடியே வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்தும் வைக்குமாம்.

"வாட்ச்மேன் மாதிரி சார். என்ன, இவன் தூங்கமாட்டான்" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

அடுத்த நாள் காலை சாப்பிடும்போது மனைவியிடம் பென்டிரைவ் விஷயத்தைச் சொன்னார்; புரோகிராம் போட்டதை மட்டும் சொல்லவில்லை. ஸ்கேன் சென்டர் விஷயத்தில் ஒருநாளும் தலையிடாதவள், அன்று அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசினாள். அவள் அப்படிச் செய்தால் ஏதாவது காரணம் இருக்கும், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றாள்.

"அவளை உனக்கு எப்படித் தெரியும்?"

"போன்ல பேசியிருக்கேனே" என்றவள், பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இவளுக்கு எல்லாருமே நல்லவர்கள்தான் என்று அலுத்துக்கொண்டு டாக்டர் கிளம்பினார்.

அதன்பிறகு அவர் ஸ்கேன்களைப் பார்த்ததைவிட அந்தப் பதிவைப் பார்த்ததுதான் அதிகம். ஃபைல்கள் வந்தன, இருந்தன. ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. வீணாக ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று அவருக்கே உறுத்த ஆரம்பித்தது.

அடுத்த புதன்கிழமை மதியம் வந்ததும் வராததுமாகப் பதிவைத் திறந்தார். 10.40க்கு 463 என்ற ஃபைல் வந்திருந்தது. 10.52க்கு அழிக்கப்பட்டிருந்தது. 'மாட்டிக்கிட்டியா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நகலைத் திறந்தார்.

பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பெண், வயது நாற்பத்தாறு என்று மட்டும் இருந்தது. யார் அனுப்பிய நோயாளி என்று கண்டுபிடிக்கத்தான் திறந்தார். படத்தைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டார். கணையத்தில் பெரிய கட்டி. கல்லீரல் முழுக்கப் புள்ளிகள்.

அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். திரையை அவள் பக்கம் திருப்பினார். பார்த்தவள், அவர் சொல்லாமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர் சென்டருக்கு எத்தனை படம் போயிருக்கிறது என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்று தலையாட்டினாள். படம் இங்கே இருக்க வேண்டாம் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டதாகவும், போன தடவை எடுத்ததைப் பென்டிரைவில் கொண்டுபோய் வேறொரு டாக்டரிடம் கொடுத்ததாகவும், இதையும் அவரிடமே கொடுக்க இருப்பதாகவும் சொன்னாள்.

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. பதினெட்டு வருஷமாக இதே வேலையாக இருக்கிற தன் கண்ணில் என்ன கோளாறு என்று கேட்டார்.

"இதைப் பாத்துச் சொல்ல இன்னொரு டாக்டர் எதுக்கு? முதல் வருஷப் பையன் சொல்லுவான். ஆறு மாசம் தாங்கினா பெரிசு."

"மெதுவாப் பேசுங்க சார்" என்றாள்.

"எதுக்கு மெதுவா? நோயாளி பயத்துல மறைப்பாங்க. அதுக்கு நீயும் துணை போவியா? வீட்டுல ஒருத்தருக்காவது சொல்ல வேணாமா?"

அவள் துப்பட்டாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் மேஜை மேலிருந்த போனை எடுத்தார்.

"இவங்களுக்குப் புருஷன்னு ஒருத்தர் இருக்காரா இல்லையா? இவ்வளவு முத்துற வரைக்கும் அந்த மனுஷன் என்ன பண்ணிட்டிருந்தார்? நம்பரைக் குடு, நானே அவர்கிட்டப் பேசறேன்."

அவள் நிமிர்ந்து, முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவர்கிட்டதான் சார் பேசிட்டிருக்கேன்."