குறைந்த மூன்று வெள்ளி

சம்பளம் வாங்கிய கிருஷ்ணம்மா நேராக வீட்டுக்கு வரவில்லை. குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, தலையை ஒதுக்கிவிட்டு, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி செல்லப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள். வாழை மறைவிலிருந்து அவள் புருஷன் வீரமுத்து பார்த்துக்கொண்டிருந்தான்.

முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தைக் கொடுத்தாள். கங்காணி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். தன்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் இருக்கும் என்று யோசித்தான், ஞாபகம் வரவில்லை.

சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. ரப்பர் விலை படுத்துவிட்டதால் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த வருஷம். வேலைக்கு லாயக்கில்லாதவர்கள்தான் முதலில் போனார்கள்.

ஆனால் மரம் விழுந்து இடது கால் நொண்டியாகிவிட்ட வீரமுத்துவை யாரும் அசைக்கவில்லை. மூடிக்கிடந்த பழைய ரப்பர் ஸ்டோருக்குக் காவல்காரனாகப் போட்டிருப்பதாகக் கங்காணி வந்து சொன்னார். மற்றவர்களுக்கு மாதக் கடைசிச் சனிக்கிழமை ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றால்தான் சம்பளம். அவனுக்கு மட்டும் மறுநாள் கங்காணி கையால் கிடைத்தது. தன் அருமை தோட்டத்துத் துரைக்குத் தெரியும் என்று, கூலிகள் குடியிருக்கும் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

பெண்டாட்டி விஷயத்தில்தான் கணக்கு உதைத்தது. மாதம் ஏழு வெள்ளி சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள், எட்டு மாதமாக நாலு வெள்ளிதான் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். கேட்டால், கூலியைக் குறைத்துவிட்டார்கள் என்கிறாள். அவளோடு பால்வெட்டுக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமிக்கோ ஏழு வெள்ளி குறையாமல் வருகிறது.

மிச்ச மூன்று வெள்ளி போகிற இடத்தை இன்று கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது. பெண்டாட்டி செத்துப்போன கங்காணி. தலையில் வெள்ளை உருமால், சங்கிலி வைத்த கடிகாரம், இரண்டு நல்ல கால்கள். உருமாலையும் கடிகாரத்தையும்கூட வீரமுத்து பொறுத்துக்கொள்வான். அந்தக் கால்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவளிடம் இந்த மாதம் எவ்வளவு என்று கேட்டான். நாலு வெள்ளி என்று அவன் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். சோற்றை அவனுக்குப் போட்டுவிட்டுத் தான் கஞ்சித் தண்ணீரைக் குடித்தாள். திருட்டு முழி முழிக்கிறவளுக்குச் சோறு எப்படி இறங்கும் என்று அவன் மனசுக்குள் கறுவிக்கொண்டான்.

கப்பலுக்குப் பேர் கொடுத்துவிட்டு ஒண்டியாக ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு கட்டினான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு கங்காணி வீட்டுக்குப் போனான். அவர் வழக்கம்போல் சம்பளத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். வழக்கம்போல் கும்பிடாமல் பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல. கப்பலுக்கு என் பேர எழுதிக்குங்க."

கங்காணி திடுக்கிட்டார். "கிருஷ்ணம்மாகிட்ட சொன்னியா?"

அந்த வாயிலிருந்து அந்தப் பேர் வந்ததும் அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கம்பைக் கீழே போட்டுவிட்டு அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"அவ பேச்ச எடுக்காதீங்க. நேத்து அவ முந்தானைய அவுத்து ஒங்ககிட்ட மூணு வெள்ளி குடுத்தத நான் பாத்தேன். மாசாமாசம் குடுக்குறா. எதுக்கு?"

கங்காணி அவன் கையைத் தட்டிவிடவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்று தயங்கினார். அதைக் கேட்டதும் வீரமுத்துவின் பிடி இன்னும் இறுகியது.

"சத்தியம் வேறயா? அந்தக் காசு எங்க? இப்ப எனக்குத் தெரியணும்."

கங்காணி அவன் நொண்டிக் காலைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஆபீஸ்ல ஒம் பேர வெட்டி எட்டு மாசமாச்சு, வீரமுத்து. அந்த மூணு வெள்ளி ஒங் கையிலதான் இருக்கு."