எக்கோ பெட்டி

"ஏம்மா, எக்கோ பெட்டியெல்லாம் வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அரங்கச் செயலாளருக்கு மூக்கு நுனியில் கோபம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பலகை முன்னால் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரப் பெண் நிமிரவேயில்லை. மிக்சரிலிருந்து ஒரு வயர் அந்தப் பெட்டிக்குள் போனது. பெட்டியிலிருந்து இன்னொரு வயர் மிக்சருக்கே திரும்பி வந்தது.

"அழைப்பிதழ்ல என்ன போட்டிருக்கோம்? 'மெருகு பூசாத குரல்'னு! வந்த ஜனங்களை ஏமாத்தச் சொல்றியா?"

"மத்தியானம் நடந்ததைப் பார்த்தீங்கல்ல சார்?"

பார்த்திருந்தார். தொண்டையில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷமாகப் பாடாத பாட்டு டீச்சர், ஒத்திகையில் இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார். "காதுல மாட்டின இயர்போன்ல என் குரல் காய்ஞ்ச சருகாட்டம் கேட்குது. என்னால ஆகாது, கச்சேரியை நிறுத்திடுங்க" என்று ஒரே அழுகை.

இந்தப் பெண்தான் ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினாள். "இப்ப பாடிப் பாருங்க டீச்சர்." பாடினார்.

"பாவம்தான், இல்லைங்கலை. அதுக்காகப் பொய்யா?" என்றார் செயலாளர்.

"கச்சேரி முடியட்டும் சார். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

திரை விலகியது. டீச்சர் முதலில் தயங்கினார். அப்புறம் குரல் மெல்ல மெல்ல ஏறி, கூரையைத் தொட்டது. அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

"எப்படிப் பளபளக்குது பார்! எல்லாம் பெட்டி வேலை" என்று பல்லைக் கடித்தார் செயலாளர்.

அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. டீச்சர் நேரே மிக்சரிடம் வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இந்தக் கைதட்டல் எனக்கில்லைம்மா, உன் பெட்டிக்கு. மேடையிலேயே சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். தைரியம் வரலை."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் செயலாளர், அவளை முறைத்தபடி.

அவள் இரண்டு பேரையும் கிட்டே கூப்பிட்டு, மிக்சரில் பெட்டியின் வயர் வந்து சேரும் இடத்தைக் காட்டினாள். அங்கே 'அரங்க ஸ்பீக்கர்' என்று எழுதிய குமிழ் ஆரம்பத்திலிருந்தே பூஜ்யத்தில் இருந்தது. 'இயர்போன்' குமிழ் மட்டும்தான் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"பெட்டிச் சத்தம் உங்க காதுக்கு மட்டும்தான் டீச்சர் வந்துச்சு. ஜனங்க கேட்டது உங்க வெறுங்குரலை."