கடுகுக்கு அடியில்

முதலில் பால்காரர் பணம் கடுகு டப்பாவை விட்டுப் போனது. அடுத்து காய்கறிப் பணம் போனது. கடைசியில், மரகதம் புருஷனுக்குத் தெரியாமல் கடுகுக்கு அடியில் சேர்த்துவந்த பணமும் போனது. மூன்றையும் பறித்துக்கொண்டது அவளுடைய கைபேசி.

இப்போது டப்பாவுக்குள் கரண்டிதான் வருகிறது. முன்பு அவள் விரல்கள் வரும். கடுகை விலக்கி அடிவரை துழாவும். நோட்டு தட்டுப்பட்டதும் அவள் முகம் மலர்வதை டப்பா மட்டுமே பார்த்திருக்கிறது. அந்த விரல்களுக்காக அது ஏங்கிக் கிடந்தது.

ஒரு மத்தியானம் மரகதம் கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனாள். மிளகு டப்பாவையும் புளி ஜாடியையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, கடுகு டப்பா நியாயம் கேட்டது.

"உனக்கு மூடியும் இல்ல, அடியும் இல்ல. அவ பணத்தை எங்கடா வச்சிருக்கே?"

"கோபப்படாதீங்க அண்ணே. சேமிப்புக்குன்னு எனக்குள்ள தனியா ஒரு கணக்கு வச்சிருக்காங்க."

"அதுல கையை விட்டுத் துழாவுவாளா?"

மிளகு டப்பா சிரித்தது. "தம்பி, இவர் பணத்தைக் கேக்கல. அவ தன்னை மறந்துட்டாளான்னு கேக்கறாரு."

கைபேசி, "அந்தக் கணக்குக்கு ஒரு பேர் வைக்கச் சொன்னேன். அவங்க யோசிக்கவே இல்ல, உடனே வச்சாங்க" என்றது.

"யார் பேரு? புருஷன் பேரா? சாட்சிங்க காதுல விழற மாதிரி படி."

கைபேசி உரக்கப் படித்தது: "கடுகு டப்பா."