இடது பக்க அலை

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கடைக்கார அம்மா அவள் முதுகில் லேசாக ஒரு தள்ளு தள்ளினார்.

தடுமாறி முன்னால் வந்தது வலது கால்.

“வலது கால்தான் முன்னாடி வருது. அப்ப உனக்கு அலை படகோட வலது பக்கம் இருக்கணும். இப்ப எந்தப் பக்கம் ஓட்டுறம்மா?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் தொங்கிய மிதவைச் சட்டையின் கொக்கியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிக்கொண்டிருந்தார்.

“இடது பக்கம்,” என்றாள்.

“அலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டா? நீ விழாம நிக்கிறதே பெரிய விஷயம்!”

கடைக்கார அம்மா சிரித்தார். வெளியாளுக்குச் சிரிப்புதான் வரும்.

வேக் சர்ஃப் என்பது படகு கிளப்பிவிடும் அலையில் பலகை மேல் நின்று போவது. எழுந்து நிற்கும்வரைதான் கயிறு. அப்புறம் அதைப் படகுக்குள் எறிந்துவிட்டு அலையை நம்பிப் போக வேண்டும். படகின் எந்தப் பக்கம் பாரம் ஏற்றுகிறோமோ அந்தப் பக்கம்தான் அலை நன்றாக எழும். அப்பாவின் பழைய படகில் மணல் மூட்டைகள் எப்போதும் இடது பக்கம் கிடக்கும்.

ஏனென்றால் அண்ணனுக்கு இடது கால் முன்னால்.

அண்ணன் தன் பலகையையும் எடுத்துக்கொண்டு, வேலைக்கென்று தூரத்து ஊருக்குப் போய்விட்டான். அவன் அந்தப் படகில் கால் வைத்து நான்கு கோடை ஆகிறது. மூட்டைகள் மட்டும் இம்மியும் நகரவில்லை.

“வலது பக்கம் மாத்திப் போடலாம்ப்பா” என்று அவள் கேட்காத கோடை இல்லை. “அண்ணன் திடீர்னு வந்து நிப்பான்மா” என்பார் அப்பா. அண்ணனும் வருகிறேன், வருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். சொல்வதற்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது.

இந்த வருடம் அவள் மூட்டையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பலகை கேட்டாள். தனக்கென்று நல்ல பலகை ஒன்று வந்துவிட்டால் மூட்டைகள் தானாக வலது பக்கம் வந்துவிடும் என்று ஒரு நப்பாசை. அந்த வீட்டில் பலகை யாருடையதோ, அலையும் அவர்களுடையது.

கடையில் புதுப் பலகைகளின் விலையைப் பார்த்தாலே தலை சுற்றியது. மலிவானவை எல்லாம் கற்றுக்குட்டிகளுக்கானவை, மெத்தை மாதிரி. அந்தக் கட்டத்தை அவள் தாண்டி வந்தாயிற்று. இரண்டுக்கும் நடுவில் ஒன்றே ஒன்று இருந்தது. போன வருடத்து மாடல், ஓரத்தில் வண்ணம் உரிந்ததால் விலை இறங்கியது. குட்டை, ஒடுங்கிய வால்.

“உன் எடைக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. முதல்ல கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பழகிட்டா நீ நினைச்ச பக்கம் திரும்பும்.”

தரைவிரிப்பின் மேல் அதை வைத்து ஏறி நின்றாள். முழங்காலை மடக்கினாள். கடை நடுவில் இப்படி நிற்கிறோமே என்ற வெட்கம்கூட இல்லாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அப்பா, இதுதான்!”

அப்பா திரும்பவில்லை. பழைய பலகைகள் அடுக்கியிருந்த மூலையில் குந்தி உட்கார்ந்திருந்தார். நீளமான நீலப் பலகை ஒன்றின் மூக்கருகே கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே உள்ளங்கை அகலத்துக்கு வேறு நீலம். அடிபட்ட இடத்தை அப்பாவே பூசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேய்த்தது. நிறம் கடைசிவரை சேரவில்லை. அப்பாவின் கைநாட்டு என்று அண்ணன் கேலி செய்வான்.

அவளுக்கு நின்ற இடத்திலிருந்தே அது தெரிந்தது.

“அதுவா சார்? போன வாரம்தான் வந்துச்சு. பலகைக்குச் சொந்தக்காரரே கார்ல கொண்டுவந்து வித்துட்டுப் போனாரு. இனிமே இதுக்கெல்லாம் நேரம் எங்கன்னாரு.”

போன வாரம்தான் அண்ணன் போனில் லீவு கிடைக்கவில்லை என்றான். இந்தக் கடையிலிருந்து வீட்டுக்குக் கார்கூடத் தேவையில்லை. இன்று அவர்கள் நடந்துதான் வந்தார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்வானேன். அண்ணனின் குட்டு உடைந்துவிட்டது, இனி மூட்டை நகரும். அப்பாவின் குனிந்த முதுகைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை.

அப்பா எழுந்தார். நீலப் பலகையைத் தூக்கிக் கல்லா மேசையில் வைத்தார்.

“சார், அது நல்ல கனமான ஆளுக்கானது. பொண்ணுக்கு அது அசைஞ்சே குடுக்காது.”

“இவளுக்கு இல்லம்மா. என் பையனுக்கு. வந்தா வேணும்ல.”

சட்டைப் பையிலிருந்து அவள் பலகைக்கான பணக் கவரை எடுத்தார். பாதி அவர் போட்டது. மீதி அவள் சம்பளத்தில் சேர்த்தது. கவர் காலியாகும்போதுதான் அவள் பக்கம் திரும்பினார்.

“உனக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டா. நீதான் புரிஞ்சுக்கிற பிள்ளையாச்சே.”

இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அது இன்னொரு பெயராகவே ஆகியிருந்தது.

அப்பா கடைக்கார அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னொண்ணும்மா. அவன் மறுபடி இந்தப் பக்கம் வந்தா, அப்பா பார்த்துட்டாருன்னு சொல்லிடாதீங்க. பாவம், சங்கடப்படுவான்.”

தரைவிரிப்பில், வலது காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கியபடி அவள் இன்னும் பலகை மேல்தான் நின்றிருந்தாள். இறங்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை.