வீட்டுக்கு ஒரு நாற்காலி

செல்லத்தாய் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோதே பாஷ்யம் சாரின் வேட்டியை ஆணி பிடித்துவிட்டது.

சண்டைக் காலம். அரிசி யானை விலை, குதிரை விலை. முத்தையாபுரத்து உப்பளக் கூலிகள் பஞ்சப்படி கேட்டிருந்தார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா என்று கணக்கெடுத்துச் சொல்ல, காலேஜில் பொருளாதாரம் சொல்லித்தரும் பாஷ்யத்தைக் கம்பெனி காரில் ஏற்றி அனுப்பியிருந்தது. அவர் எழுதப்போகும் ஒரு வரியை நம்பித்தான் அந்தத் தெருவில் அடுப்பு எரிய வேண்டும்.

அவரோ மனுஷர் பேச்சை நம்பாதவர். வாய் பொய் சொல்லும், சாமான் சொல்லாது என்பது அவர் கட்சி.

செல்லத்தாய் வீட்டில் நாற்காலி இருந்தது. குறித்துக்கொண்டார். மூலையில் அவள் மாமனார் பிச்சையா சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார். 'பகல் தூக்கம்' என்று அதையும் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் வீட்டிலும் நாற்காலி. பேஷ்!

மூன்றாம் வீட்டிலும், நாலாம் வீட்டிலும். இவர் வாசலில் செருப்பைக் கழற்றி, குடையைச் சாத்திவிட்டு நிமிர்வதற்குள் வீட்டுக்காரி நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டிருப்பாள். எல்லாப் பெண்களுக்கும் ஏனோ மூச்சு வாங்கியது.

எல்லா நாற்காலியிலும் அதே இடத்தில் ஆணி. இந்த ஊர்த் தச்சனுக்கு ஒரே ஒரு தப்புதான் செய்யத் தெரியும் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டார். படித்த மூளை, எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும்.

ஐந்தாம் வீட்டில் உட்கார்ந்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலி போட்டு உட்காருகிற ஜனங்களுக்குப் பஞ்சமாவது, படியாவது!

அப்போதுதான் தெருமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது.

செல்லத்தாய் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். அந்த நிலையிலும் கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினாள், பாவம்.

"அய்யா, கோவிச்சுக்கிடாதிய. எங்க மாமா போய்ட்டாவ. குளிப்பாட்டி உக்கார வைக்கணும், நாற்காலி வேணும்."

"ஏம்மா, உன் வீட்டு நாற்காலி என்ன ஆச்சு?"

"அதுலதான் அய்யா இருக்கிய. ஒங்களத் தரையில இருக்கச் சொல்ல எங்களுக்கு மனசு வரல."

தெருவுக்கே அது ஒன்றுதான். செத்தவர்களை உட்கார வைப்பதற்கென்று எல்லாருமாகச் சேர்ந்து வாங்கிப் போட்டது. அன்று காலை முழுக்க அது கொல்லைப்புறமாக வீடு வீடாக அவருக்கு முன்னால் ஓடியிருக்கிறது.

பாஷ்யம் தேள் கொட்டினாற்போல் துள்ளி எழுந்தார். ஆணி இன்னொரு முறை பிடித்து வேட்டி கிழிந்தது.

வீட்டுக்குப் போன கையோடு தலை முழுகினார். உடுத்தியிருந்த வேட்டியை வண்ணானுக்குப் போட்டார். தீட்டு ஒரு பொட்டு மிச்சமில்லை என்று மனசு சமாதானமான பிறகுதான் எழுத உட்கார்ந்தார்.

'வீட்டுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. பஞ்சப்படி தேவையில்லை.'