விடு, உருண்டை!

"இழுங்க தம்பி! வெடுக்குன்னு ஒரு இழுப்பு இழுங்க! வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே!"

நாய்ப் பயிற்சியாளன் இழுக்கவில்லை. கம்பத்தோடு கம்பமாகத் தெருவிளக்கின் அடியில் நின்றான். அவன் பிடித்திருந்த கயிற்றை நடுவில் கவ்விக்கொண்டு, உருண்டை என்கிற அந்தப் பழுப்பு நாய் தலையை அப்படியும் இப்படியும் உதறியது.

"இழுத்தா விளையாட்டுன்னு நெனச்சுக்கும் சார். இன்னும் பலமா கடிக்கும். நாம சும்மா நின்னா அதுக்கே சலிச்சுப் போயிடும்."

"எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"அது விடுற வரைக்கும்."

நாயின் சொந்தக்காரரான மருந்துக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "விளங்கிடும்! நான் போய்க் கடையைத் திறக்க வேண்டாமா?"

பயிற்சியாளன் சிரித்து வைத்தான். இன்றுதான் கடைசி வகுப்பு. நாய் திருந்துகிறதோ இல்லையோ, இந்த மனிதரிடம் அவன் நல்ல பெயர் வாங்கியாக வேண்டும். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டது இவருடைய மகளைத்தான். "எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்குப்பா" என்று அவள் ஆரம்பித்ததுமே, யார், என்ன என்றுகூடக் கேட்காமல் எழுந்து போய்விட்டாராம். அதற்குப் பிறகு ஒருநாள், நாய் கயிற்றைக் கடிக்கிறது என்று அவர் புலம்ப, இதுதான் சமயம் என்று அவள் இவனைத் 'தெரிந்த பயிற்சியாளர்' என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

சைக்கிளில் போன இருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மானம் போகுது தம்பி. முதுகுல ரெண்டு போடுங்க, தானா வழிக்கு வரும்."

"அடிக்கிறதில்ல சார்."

"என் நாய். நான் சொல்றேன், அடிங்க!"

இவர் பேச்சைத் தட்டினால் காரியம் கெட்டது. ஆனாலும் கை எழவில்லை.

"மன்னிச்சுக்குங்க சார். அது மட்டும் என்னால ஆகாது. வேற ஆளை வேணும்னா பார்த்துக்குங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கல்யாணம் அம்பேல் என்று மனசு அடித்துக்கொண்டது.

உதறி உதறி ஓய்ந்துபோன உருண்டை, ஒரு கொட்டாவி விட்டது. கயிறு நழுவிக் கீழே தொங்கியது.

"சபாஷ்டா என் ராசா!" பயிற்சியாளன் ஒரு பிஸ்கட்டை நீட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தான். வாசல் கேட் வரைக்கும் உருண்டை கயிற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேட்டைத் திறக்கும் முன் அவன் துணிந்துவிட்டான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் நாயைப் பழக்க மட்டும் வரல. உங்க பொண்ணும் நானும்..."

"தெரியும்."

"சார்?"

"அவ என்கிட்ட முழுசாச் சொல்லாததை அவங்கம்மாகிட்ட சொன்னா. அவங்கம்மா என்கிட்ட சொல்லாம இருப்பாளா?"

"தெரிஞ்சுமா சார் என்னை வீட்டுக்குள்ள விட்டீங்க?"

"விட்டேனா? வரவழைச்சேன்! என் பொண்ணைக் கட்டிக்கப் போறவன் கோவம் வந்தா கைநீட்டுற ஆளா இல்லையான்னு நான் வேற எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?" மருந்துக் கடைக்காரர் குனிந்து உருண்டையின் தலையைத் தடவிக்கொடுத்தார். "இது கயித்துப் பக்கமே போகாத சாதுப் பிராணி. கயித்துல வெண்ணெயைத் தடவித் தடவி இதைக் கடிக்கப் பழக்குறதுக்குள்ள என் உசிரே போயிடுச்சு, மாப்ளே!"