பருந்தின் டிபன் பாக்ஸ்

பள்ளியை விட்டுப் போகும் பெண்கள், கடைசி நாளில் கீழ்வகுப்புப் பெண்களுக்கு ஆளுக்கொரு கேலிப் பரிசு கொடுப்பது அங்கே வழக்கம். தூங்குமூஞ்சி தன் தலையணையைக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்து மேடையேறியவள் பருந்து. மதியம் எவள் டப்பாவைத் திறந்தாலும் பாய்ந்து பிடுங்கித் தின்பதால் வந்த பெயர்.

"என் டிபன் பாக்ஸ், பத்தாம் வகுப்பு ஊமைக்கோட்டானுக்கு!"

"ஊரான் சோத்தைத் தின்னவளுக்கு டிபன் பாக்ஸ் ஒரு கேடாடி?" என்று ஒருத்தி கத்த, கூடமே சிரித்தது.

சாப்பாட்டு மணி அடித்தாலே வயிற்றுவலி என்று மரத்தடிக்குப் போய்விடும் அந்தச் சின்னவள், கூச்சத்தோடு வாங்கிக்கொண்டாள். நல்ல கனம். வெளியே வந்து, பின்னாலேயே வந்த பருந்தின் எதிரில் திறந்தாள். துணியில் சுற்றிய இரண்டு கூழாங்கற்கள்.

"என்னக்கா, கல்லு இருக்கு?"

"இத்தனை வருஷமா நான் கொண்டுவந்தது அதான்," பருந்து குரலைத் தாழ்த்தினாள். "வயித்துவலின்னு எத்தனை நாள் ஓட்டுவ? இனிமே பிடுங்கித் தின்னு. தீனி மூட்டைன்னு சிரிப்பாளுங்க. வீட்டுல அடுப்பு எரியலையான்னு மட்டும் எவளும் கேக்க மாட்டா."

சின்னவள் ஒரு கல்லைக் கையில் எடுத்தாள்.

"இதுல ஒண்ணை என் தங்கச்சிக்குக் கொடுக்கலாமாக்கா?"